இரண்டு ஸ்பூன் தண்ணீர்

என் கணவருக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதும் அட்டைப்பெட்டிகளின் மேல் அச்சடித்த ஆங்கிலம். வாட், வோல்ட், ஃபியூஸ், ஹேண்டில் வித் கேர், வாரண்டி ஒன் இயர். அவர் எலெக்ட்ரீஷியன். திருப்பாதிரிப்புலியூரில் ஸ்டேஷனுக்குப் போகிற தெருவில் ஒரு ஷட்டர் அகலத்துக்குக் கடை. ஃபேனுக்குக் காயில் கட்டுவார், மிக்ஸி பார்ப்பார், புது வீடுகளுக்கு வயரிங் எடுப்பார். நான் அதே ஊரில் ஒரு பெண்கள் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாக ஆங்கிலம் நடத்துகிறேன். அவர் எனக்கு அத்தை மகன். அதனால் பாவாடை கட்டிய காலத்திலிருந்தே அவர் எனக்கு மாமா. கல்யாணத்துக்குப் பிறகும் மாமாதான். அவர்தான் கூப்பிடுவதை மாற்றிக்கொண்டார். எனக்கு வேலை கிடைத்த அன்றிலிருந்து நான் "டீச்சரு."

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் இரண்டே பேர். இரண்டு பேரும் பகலில் வேறு வேறு இடத்தில் சாப்பிடுகிறவர்கள். நான் ஸ்டாஃப் ரூமில் டிபன் பாக்ஸைத் திறக்கிற நேரத்துக்குச் சரியாக அவர் கடையில் டிபன் பாக்ஸைத் திறப்பார். வாரத்தில் ஒரு நாளாவது போன் வரும்.

"டீச்சரு, இப்ப என்னை நெனச்சியா?"

"இல்லியே. நோட்டு திருத்திகினு இருக்கேன்."

"புரையேறிப்போச்சு. அப்ப வேற யாரோ நெனைக்கிறாங்க. யாருன்னு விசாரிக்கணும்."

சொல்லிவிட்டு வைத்துவிடுவார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கணக்கு டீச்சருக்குக்கூட இந்த போன் பழகிப்போயிருந்தது. "மாமாவுக்குப் புரையேறிடுச்சா?" என்று கேட்பார்.

அன்று வந்த போன் அவருடையது இல்லை. பங்குனிக் கடைசி, காலைப் பிரார்த்தனை முடிந்து பிள்ளைகள் வரிசையாக வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கடைக்கு அடுத்த கடையில் ஜெராக்ஸ் எடுக்கிற அம்மா பேசினார்.

"டீச்சர், பதறாம கேளுங்க. மாமாவுக்கு டீ வாயில நிக்க மாட்டேங்குது. சட்டையெல்லாம் ஊத்திக்கிறாரு. என்னா மாமா இதுன்னு கேட்டா சிரிக்கிறாரு, வாய் ஒரு பக்கமாப் போவுது. ஆட்டோ புடிச்சிட்டேன். நீங்க நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க."

அந்த அம்மா படித்தது எட்டாவது வரைதான். அவர் அன்றைக்குக் காட்டிய அவசரம் எனக்கு வந்திருக்குமா என்று இன்றைக்கும் தெரியவில்லை. வாய் கோணினால் பித்தம், கொஞ்ச நேரம் படுங்கள் என்று நான் சொல்லியிருப்பேன். ஊரில் எடுத்த ஸ்கேனில் மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு என்று தெரிந்தது. உடனே சிதம்பரத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸில் அவர் வலது கையை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். ஸ்க்ரூடிரைவர் பிடித்துக் காய்த்த கை, ஈரத் துணியைப் போலக் கிடந்தது. புதுச்சத்திரம் தாண்டும்வரை ஏதோ சொல்ல முயன்றுகொண்டே வந்தார். ஒரு எழுத்துக்கூட எனக்குப் புரியவில்லை. புரிந்ததுபோலத் தலையை ஆட்டிக்கொண்டு வந்தேன்.

நேரத்துக்கு வந்து சேர்ந்துவிட்டோம் என்றார்கள். ஊசி போட்டார்கள். ஒரு வாரத்தில் வலது காலில் அசைவு வந்தது, அதன் பின் கொஞ்சம் கையில். பேச்சு குழறலாகவே இருந்தது. எல்லாவற்றையும்விட மோசமானது, அவரால் விழுங்க முடியவில்லை. மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு மெல்லிய குழாய் போட்டார்கள். பால், கஞ்சி, மாத்திரைத் தூள், தண்ணீர் எல்லாம் அதிலேயே போயின. வாயில் ஒரு சொட்டு கிடையாது. உதடு வெடித்துப் பாளம் பாளமாக இருந்தது. ஈரப் பஞ்சால் ஒற்றி எடுப்பேன். பஞ்சைப் பல்லால் கவ்விக்கொள்வார்.

ஒரு நாள் காலையில் டாக்டர்கள் பார்த்துவிட்டுப் போன பிறகு, கட்டிலில் மாட்டியிருந்த ஃபைலை இடது கையால் இழுத்தார். என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்கத்தான் கேட்கிறார் என்று நானும் பிரித்துப் பிடித்தேன். கோழிக் கிறுக்கல். நடுவில் ஒரு வரி மட்டும் பெரிய எழுத்தில் தெளிவாக இருந்தது: சோக்ஸ் ஆன் தின் லிக்விட்ஸ். அவர் விரல் ஒவ்வொரு சொல்லாக நகர்ந்துபோய் முதல் சொல்லில் நின்றது. முகம் மலர்ந்தது. பத்து நாளில் முதல் தடவையாகக் கோணல் வாயோடு சிரித்தார். விரலை எடுத்துக் கூரையைக் காட்டினார்.

எங்கள் கட்டிலுக்கு நேர் மேலே இருந்த டியூப் லைட் இரண்டு நாளாகத் துடித்துக்கொண்டிருந்தது. மறுபடி ஃபைலைத் தொட்டார், மறுபடி லைட்டைக் காட்டினார். பிறகு தன் நெஞ்சில் தட்டிக்கொண்டார். லைட்டின் சோக்கு போய்விட்டது என்று டாக்டர் எழுதிவைத்திருக்கிறார், ஏணி கொடுத்தால் நானே மாற்றிவிடுவேன் என்கிறார் என்று எனக்குப் புரிந்தது. அந்தச் சொல் முப்பது வருடமாக அவர் அட்டைப்பெட்டியில் பார்த்த சொல். அதற்கு வேறு பொருள் இருக்க முடியும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆமாம் மாமா என்று சொல்லியிருக்கலாம். டீச்சர் புத்தி போகவில்லை.

"அது லைட்டு இல்ல மாமா. உங்களத்தான் எழுதியிருக்காங்க. தண்ணி, டீ இந்த மாதிரி குடுத்தா உங்களுக்குப் புரையேறுதாம். மூச்சுக்குழாய்க்குள்ள போயிடுதாம். அதுக்கும் இங்கிலீஷ்ல அதே வார்த்தைதான்."

அவர் அந்தச் சொல்லின் மேல் கட்டை விரலை வைத்து மூடினார். அப்புறம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கூப்பிட்டும் திரும்பவில்லை.

விழுங்குவதற்குப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருவாள். பேச்சுப் பயிற்சியும் அவள்தான். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். வார்டில் எல்லோரும் அவளை நர்ஸ் என்று நினைத்து சிஸ்டர் என்று கூப்பிட்டார்கள், அவளும் திருத்தவில்லை. அவள்தான் எனக்கு விஷயத்தை விளங்கச் சொன்னாள்.

"தொண்டையில ஒரு கதவு இருக்கும்மா. நாம விழுங்கறப்ப அது மூச்சுக்குழாயை மூடிக்கும். ஐயாவுக்கு அந்தக் கதவு லேட்டா மூடுது. தண்ணி வேகமா ஓடிடும், கதவு மூடறதுக்குள்ள உள்ள போயிடும். கூழ் மாதிரி கெட்டியா இருந்தா மெதுவாப் போவும். கதவுக்கு டைம் கிடைக்கும்."

"தண்ணிய எப்படிம்மா கெட்டி பண்றது?"

"அதுக்கு ஒரு மாவு இருக்கு. கலக்கிக் குடுக்கலாம். ஆனா சாதாத் தண்ணி மட்டும் கூடவே கூடாது. ஒரு வாய்கூட."

முகவாயை நெஞ்சோடு சேர்த்துவைத்து விழுங்க வேண்டும். விழுங்கிய பிறகு ஒரு முறை இரும வேண்டும். திரும்ப வெறும் எச்சில் விழுங்க வேண்டும். பிறகு "ஆ" என்று சொல்ல வேண்டும். குரலில் ஈரம் கேட்டால் தொண்டையில் இன்னும் ஏதோ தேங்கியிருக்கிறது. இதெல்லாம் ஒரு ஸ்பூன் கேழ்வரகுக் கூழுக்கு. அவர் மானம் பார்க்கிற ஆள். ஒரு கல்யாண மண்டபத்துக்கே லைட் போட்டவர், ஒரு சின்னப் பெண் சொல்லச்சொல்ல "ஆ" காட்டுவதற்கு வெட்கப்பட்டார். ஆனாலும் செய்தார். மூன்றாவது வாரம் மூக்குக் குழாயை எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்தபோது கத்திரி வெயில். பள்ளி விடுமுறை, நான் நாள் முழுக்க அவர் கூடத்தான். கூழ், மசித்த சாதம், மசித்த வாழைப்பழம். ஒரு நாளைக்கு ஆறு தடவை அந்த மாவு கலந்த தண்ணீர். ஒவ்வொரு தடவையும் டம்ளரைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொள்வார். மருந்து என்று நினைத்துக் குடிக்கட்டும் என்றுதான் நானும் ஊட்டினேன்.

ஒரு நாள் மதியம் கரண்ட் போய்விட்டது. ஃபேன் நின்ற வீட்டில் சின்னச் சத்தம்கூடக் கேட்கும். நான் சமையலறையில் நின்று மண்பானையிலிருந்து மொண்டு, அண்ணாந்து மடக் மடக்கென்று குடித்தேன். கூடத்திலிருந்து குரல் வந்தது.

"தண்ணி."

கட்டிலருகே ஓடினேன். நாற்பது நாளாக அவர் வாயிலிருந்து வந்த எதுவும் முழுச் சொல்லாக இருந்ததில்லை. இது சுத்தமாக இருந்தது.

"இதோ கலக்கித் தரேன் மாமா."

இல்லை என்று தலையை ஆட்டினார். என் கையிலிருந்த சொம்பைப் பார்த்தார். "தண்ணி. டீச்சரு... தண்ணி."

டீச்சரு என்று கூப்பிட்டதும்தான் நான் இளகிப்போனேன் என்று நினைக்கிறேன். ஒரு ஸ்பூன்தானே என்று மனம் சொன்னது. உட்கார வைத்து, முகவாயை நெஞ்சோடு சேர்த்து, ஒரு ஸ்பூன் கொடுத்தேன். போனது. நன்றாகவே போனது. கண்ணை மூடி, உதட்டை நாக்கால் துழாவி, அந்த ஈரத்தை வாய் முழுக்கத் தேடினார். அந்த முகத்தைப் பார்த்த எவரும் இரண்டாவது ஸ்பூனைக் கொடுத்திருப்பார்கள். நானும் கொடுத்தேன்.

சத்தமே இல்லை. அதைத்தான் நான் மறக்கவில்லை. புரையேறினால் இருமல் வரும், தும்மல் மாதிரி ஏதாவது வெடிக்கும் என்று காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. வாய் திறந்திருந்தது, கண் விரிந்திருந்தது, நெஞ்சு மட்டும் உள்ளே இழுத்தது, காற்று போகவில்லை. உதடு நிறம் மாறியது. முன்பக்கமாகச் சாய்த்துப் பிடித்து முதுகில் தட்டினேன், கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. எதிர்வீட்டு அக்கா மாவுக் கையோடு ஓடிவந்தார். எத்தனை நொடியோ, பிறகு ஒரு பெரிய இழுப்பு, அதன் பின்னால் இருமல், இருமலுக்கு மேல் இருமல். அந்தச் சத்தத்தைப்போல இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை.

எதிர்வீட்டு அக்கா பழக்க தோஷத்தில் அவர் உச்சந்தலையில் தட்டினார். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. யாரோ நெனைக்கிறாங்க."

அவர் இருமிக்கொண்டே இடது கையைத் தூக்கி என்னைக் காட்டினார். அக்கா சிரித்துவிட்டார். நான் அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. மூச்சில் கரகரவென்று சத்தம். காரில் படுக்கவைத்து மறுபடி சிதம்பரம். எக்ஸ்ரேயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்த டாக்டர், "நுரையீரல்ல சளி கட்டியிருக்கு. தண்ணி குடுத்தீங்களா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

பதில் என் நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"நா... னே. நானே... குடிச்சேன்."

"எழுந்து போயா?"

"ஆமா. பானைல... மொண்டு."

"என்ன சார், பெரிய மனுஷன் நீங்களே இப்படிப் பண்ணலாமா? உயிர் போயிருந்தா? பாவம் அந்தம்மா எவ்வளவு கஷ்டப்படறாங்க உங்களுக்கு!"

அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். பயிற்சி டாக்டர்கள் நாலைந்து பேர் சுற்றி நின்றார்கள். அவர்கள் முன்னால் அத்தனை திட்டையும் வாங்கிக்கொண்டார். நான் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, கஷ்டப்படுகிற அந்தம்மாவாக நின்றேன். இருபத்திரண்டு வருடம் பிள்ளைகளிடம் யார் செய்தது, எழுந்து நில், உண்மையைச் சொல் என்று கேட்டவள் நான். எழுந்து நிற்கவில்லை.

இரண்டு நாள் அப்படியே போயிற்று. காய்ச்சல் இறங்கவில்லை. ஆக்ஸிஜன் குழாயை மூக்கில் வைத்திருந்தார்கள். திரும்ப வாய்க்கு ஒன்றும் இல்லை என்றாகிவிட்டது, மூன்று வாரப் பயிற்சியும் போனது. அவர் தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எண்ணிக்கை விட்டுப்போனால் முதலிலிருந்து தொடங்குவேன்.

மூன்றாம் நாள் காலை, வராந்தாவில் அந்தப் பயிற்சிப் பெண்ணை நிறுத்தினேன்.

"அவரு பொய் சொல்றாரும்மா. நான்தான் குடுத்தேன். ரெண்டு ஸ்பூன்."

"தெரியும்மா," என்றாள்.

"எப்படி?"

"எழுந்து போயி பானையில மொண்டு குடிச்சேன்னு சொல்றாரு. அவரால இன்னும் தனியா எழுந்து நிக்கவே முடியலியே." அவள் முகத்தில் கோபம் இல்லை. "எல்லா வீட்டுலயும் யாராவது ஒருத்தர் குடுத்திருப்பாங்கம்மா. பாசத்துல குடுக்கறதுதான் ஜாஸ்தி. ஆனா யாரும் ஒத்துக்க மாட்டாங்க. அவுங்களுக்கு நான் எதையும் சொல்லித்தர முடியாது. உக்காருங்க."

என்னை ஒரு பெஞ்சில் உட்காரவைத்தாள். பையிலிருந்து அந்த மாவை எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கி, என் கையில் கொடுத்தாள்.

"குடிங்க."

இத்தனை நாளில் நான் அதை வாயில் வைத்துப் பார்த்ததில்லை. வழவழவென்று இருந்தது. தண்ணீரின் குளிர்ச்சி இருந்தது, தண்ணீர் இல்லை. விழுங்கிய பிறகும் தாகம் அப்படியே இருந்தது. முழு டம்ளரையும் என்னால் குடிக்க முடியவில்லை. இதை ஒரு நாளைக்கு ஆறு தடவை அவர் வாயில் ஊற்றியிருக்கிறேன், நல்ல பிள்ளையாகக் குடியுங்கள் என்று அதட்டியும் இருக்கிறேன்.

"எலுமிச்சம்பழம் புழிஞ்சு கலக்குங்க," என்றாள். "பானைத் தண்ணியில கலக்குங்க, சில்லுனு இருக்கும். மோர்ல கலக்கலாம், டீயிலகூட கலக்கலாம். வாய்க்கு ருசி வேணும்மா, அதுவும் பயிற்சிதான்."

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்க வாயெடுத்தேன். நான் முதலிலேயே கேட்டிருக்கலாம் என்று தோன்றியது. கேட்கவில்லை.

டாக்டரிடமும் போய்ச் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "சரி, இனிமே குடுக்காதீங்க," என்று மட்டும் சொன்னார். அவருக்கு அவ்வளவுதான்.

காய்ச்சல் இறங்கிய பிறகு ஒரு மாலை அவரிடம் கேட்டேன். "ஏன் மாமா பொய் சொன்னீங்க?"

அவர் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துவைத்தார். "எனக்கு... திட்டு... பழக்கம். கஸ்டமருங்க... தினம்... திட்றாங்க." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "உனக்கு... யாரு... திட்டிருக்காங்க? தாங்க... மாட்டே."

வீட்டுக்கு வந்த பிறகு அவர் குடிக்கும்போது நானும் ஒரு டம்ளர் அதையே குடித்தேன். எலுமிச்சை, பெருங்காய மோர், ஏலக்காய் போட்ட டீ. டீ கொஞ்சம் களி மாதிரி இருக்கும். முதல் நாள் நான் குடித்துவிட்டு முகம் சுளித்ததைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போது விழுங்கக் கூடாது என்பதால் இரண்டு பேரும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தோம்.

ஜூனில் பள்ளி திறந்தார்கள். காலையில் அவரைச் சாப்பிடவைத்து, எதிர்வீட்டு அக்காவிடம் சொல்லிவிட்டுப் போவேன். எட்டாம் வகுப்பில் ஒரு பாடம். ஊரைவிட்டுப் போகிற ஒரு பெண் பஸ் ஜன்னலில் அழுகையை அடக்கிக்கொள்வாள். அதற்கு ஃபைலில் பார்த்த அதே 'சோக்' என்கிற சொல்தான் போட்டிருந்தது, கண்ணீரோடு சேர்த்து. வழக்கமாக 'அழுகையை அடக்கினாள்' என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். அன்று ஒரு பிள்ளை கைதூக்கி, "மிஸ், அந்த வார்த்தைக்கு வேற அர்த்தம் இருக்குமா?" என்று கேட்டாள்.

சாக்பீஸை எடுத்தேன். சாப்பாடு தொண்டையில் சிக்கினால் அந்தச் சொல். புகையில் மூச்சு நின்றால் அந்தச் சொல். சாக்கடையில் பிளாஸ்டிக் அடைத்துக்கொண்டால் அது. ஒருவன் இன்னொருவன் கழுத்தை நெரித்தால் அது. பேச வந்து பேச்சு வராமல் போனாலும் அதுவே. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் எழுதினேன். பிறகு, தமிழில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். வகுப்பு முழுக்கக் கத்தியது. புரையேறுது மிஸ். தெணறுது மிஸ். அடைச்சிகிச்சி. மூச்சு முட்டுது. தொண்டை விக்குது. நெல்லிக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வருகிற ஒரு பிள்ளை எழுந்து, கரும்பைக் கடித்துச் சாறு விழுங்கும்போது பேசினால் மூக்கு வழியாக வரும், அதற்கு என்ன வார்த்தை என்று கேட்டாள். தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை.

ஆங்கிலக்காரர்கள் தொண்டையில் நடக்கிற எல்லாவற்றையும் ஒரே சொல்லில் போட்டுவிட்டார்கள் என்று முன்பெல்லாம் எனக்கு ஒரு இளக்காரம் இருந்தது. நாம் புரை, அடைப்பு, திணறல் என்று தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறோம். அந்த மதியம் எங்கள் வீட்டில் நடந்ததை எந்தச் சொல்லில் வைப்பது என்று யோசித்துப் பார்த்தேன். அவருடையதும் என்னுடையதும் மூன்று நாள் இடைவெளியில் நடந்தன. அவருக்குக் காற்று நின்றது. எனக்கு டாக்டர் முன்னால் பேச்சு நின்றது. இரண்டுக்கும் பொதுவாக ஒரு சொல் இருப்பது தப்பில்லை என்று அன்றைக்குத் தோன்றியது.

மாதம் ஒரு முறை பாசஞ்சர் வண்டியில் சிதம்பரம் போவோம். அவருக்கு ஜன்னல் சீட்டு. ஆலப்பாக்கம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று ஒவ்வொரு ஸ்டேஷன் பெயரையும் போர்டைப் பார்த்து உரக்கப் படிக்கச் சொல்லியிருந்தாள் அந்தப் பயிற்சிப் பெண். பரங்கிப்பேட்டையில்தான் தகராறு. முதல் மாதம் "பங்கிப்பே" என்று வந்தது. மூன்றாவது மாதம் முழுசாகச் சொன்னபோது எதிரில் உட்கார்ந்திருந்த மீன்கூடை அம்மா, தன்னை இறங்கச் சொல்கிறார் என்று நினைத்து, "எனக்குச் சிதம்பரம்ங்க," என்றார்.

ஐந்தாவது மாதம் அவள் மாவு டப்பாவைத் தொடவில்லை. வார்டின் குழாயிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துவந்தாள். ஸ்டெதஸ்கோப்பை அவர் கழுத்தில் வைத்துக் கேட்டுக்கொண்டே ஒரு ஸ்பூன் கொடுத்தாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். விழுங்கினார், இருமினார், திரும்ப விழுங்கினார்.

"ஆ சொல்லுங்க ஐயா."

"ஆ."

"இன்னொரு தடவ."

பத்து ஸ்பூனுக்குப் பிறகு டம்ளரையே கையில் கொடுத்தாள். முகவாயைத் தாழ்த்தி, மெதுவாக, வாய் வாயாக, பாதி டம்ளர் குடித்தார். அறையில் எங்கள் மூன்று பேரையும் தவிர, முறைக்குக் காத்திருந்த இன்னொரு குடும்பமும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

"எப்படி இருக்கு ஐயா?"

அவர் யோசித்துச் சொன்னார். "உப்பா இருக்கு."

அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு ஃபைலில் எழுதினாள். என்ன எழுதினாள் என்று நான் பார்க்கவில்லை.

இப்போது காலை வேளைகளில் கடைக்குப் போகிறார். ஏணி ஏறுவதில்லை. அந்த வேலைகளைக் கூட்டாளி ஒருவர் எடுத்துக்கொண்டார். இவர் உட்கார்ந்த இடத்தில் மிக்ஸி பார்க்கிறார், இடது கையாலும் வேலை செய்யப் பழகிக்கொண்டார். பேச்சு எண்பது சதம் வந்துவிட்டது என்று அவரே சொல்லிக்கொள்வார். அவர் சதவீதம் சொல்ல ஆரம்பித்ததே இந்த நோய்க்குப் பிறகுதான். சாப்பாட்டுக்கு மட்டும் முக்கால் மணி நேரம் ஆகும். சாப்பிடும்போது பேசக் கூடாது. பத்து நிமிடத்தில் வாரிப்போட்டுக்கொண்டு பெல்லுக்கு ஓடுகிறவள் நான். முதலில் பொறுமையே இல்லை. இப்போது ராத்திரிச் சாப்பாட்டுக்கு எதிரெதிரே உட்கார்ந்தால் வீட்டில் மெல்லுகிற சத்தம் மட்டும்தான் இருக்கும். அவர் எந்தக் கவளத்தில் தயங்குகிறார், எதில் நிம்மதியாகிறார் என்று தட்டைப் பார்த்தபடியே எனக்குத் தெரிந்துவிடும்.

போன மாதம் காடாம்புலியூரில் என் சித்தப்பா பேத்தி கல்யாணம். வெளியில் சாப்பிடப் போவது அதுதான் முதல் தடவை. முதல் பந்தியிலேயே உட்கார்ந்துவிட்டோம். கல்யாணப் பந்தி தெரியுமே, சாம்பார் வருவதற்குள் ரசம் வரும், ரசத்தைப் பிசைவதற்குள் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த பந்திக்காரர்கள் வந்து நிற்பார்கள். எங்கள் வரிசையில் எல்லோரும் இலையை மடித்துவிட்டு எழுந்தார்கள். இவர் அப்போதுதான் சாம்பார் சாதத்தில் பாதி வந்திருந்தார். பின்னால் ஒரு அம்மா நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார். இலை எடுக்கிற ஆள் வாளியோடு வந்து நின்றார். மாமா கையை உதறி எழப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

நான் மடித்த இலையைத் திரும்பப் பிரித்தேன். பரிமாறுகிறவரைக் கைதட்டிக் கூப்பிட்டு, "எனக்குக் கொஞ்சம் சாதம் போடுங்க," என்றேன். அவர் ஒரு மாதிரி பார்த்தார். போட்டார். "ரசமும்," என்றேன்.

மாமாவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெரியவர் முந்திரித் தோப்புக்காரர் மாதிரி இருந்தார், எங்களுக்கு அவரைத் தெரியாது. எழுந்து நின்றவர் என்னைப் பார்த்தார், மாமாவின் கையைப் பார்த்தார், திரும்ப உட்கார்ந்தார். "எனக்கும் மோர் ஊத்துப்பா," என்றார் பரிமாறுகிறவரிடம். பின்னால் நின்ற அம்மாவிடம், "இந்த வரிசை இன்னும் முடியலைங்க. அப்படி அடுத்த வரிசைக்குப் போங்க," என்றார்.

மாமாவின் வாயில் சாதம் இருந்தது. முகவாயைத் தாழ்த்தி விழுங்கினார். இரண்டாவது தடவை விழுங்கினார். பிறகு அடுத்த கவளத்தை உருட்டினார். நான் வயிறு கொள்ளாமல் ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பெரியவர் மோரை ஊதி ஊதி, காபி குடிப்பதுபோலக் குடித்துக்கொண்டிருந்தார்.